எண்ணெய் மல்யுத்தம் வேடிக்கைப் படம் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன இதழில் 'உலகின் விநோத விளையாட்டுகள்' என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். அதில் துருக்கி எண்ணெய் மல்யுத்தத்தின் படமும் ஒன்று. ஒருவர் கை இன்னொருவருடைய கால்சட்டைக்குள் இருக்கிறது, கீழே ஒரு கிண்டல் வரி, அவ்வளவுதான். எந்த ஊர், அந்தக் கை ஏன் அங்கே போகிறது, எதுவும் இல்லை. இருபது வருஷமாக உங்கள் இதழை வாங்கிப் படிக்கிறேன், இப்படி வருத்தப்பட்டு எழுதுவது இதுதான் முதல் முறை.

அந்த விளையாட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பின்னலாடை வேலையாகச் சில மாதம் இஸ்தான்புல்லில் தங்கியிருந்தபோது, உடன் வேலை பார்த்த ஒருவர் "கிர்க்பினார் எண்ணெய் மல்யுத்தத் திருவிழாவைப் பார்க்காமல் ஊருக்குப் போகாதே" என்று சொல்லிச் சொல்லி, ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பஸ் ஏற்றிவிட்டார். கிரேக்க, பல்கேரிய எல்லைகளை ஒட்டியிருக்கிற எடிர்னே என்ற ஊர். துஞ்சா ஆற்றங்கரையில் சராயிச்சி என்று ஒரு புல்வெளி, அதுதான் களம். நம்ம ஊர்க் கோதா மாதிரி மண் இல்லை, பச்சைப் புல். பெரிய பயில்வான்கள், சின்னப் பையன்கள் என்று பல ஜோடிகள் ஒரே நேரத்தில் மோதிக்கொண்டிருந்தார்கள்.

சரி, கால்சட்டைக்குள் கை விஷயத்துக்கு வருகிறேன். உடம்பு முழுக்க ஆலிவ் எண்ணெய். தோளைப் பிடித்தால் வழுக்கும், கழுத்தைப் பிடித்தால் வழுக்கும். கெட்டியாகப் பிடிக்கக் கிடைப்பது எருமைத் தோலிலோ மாட்டுத் தோலிலோ தைத்த கிஸ்பெத் என்ற அந்தக் கால்சட்டை ஒன்றுதான். இடுப்பில் கயிறு போட்டு இறுக்குவார்கள், முழங்காலுக்குக் கீழேயும் கயிற்றால் கட்டுவார்கள், எதிராளியின் விரல் உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக. இவன் அந்தக் கட்டைக் காப்பாற்றப் பார்ப்பான், அவன் இடுப்பு வழியாகக் கையை விட்டு அந்தக் கீழ் விளிம்பை எட்டிப் பிடித்துத் தூக்கப் பார்ப்பான். உங்கள் படத்தில் இருப்பது அந்தப் பிடிதான். வருஷக்கணக்காக ஒரு குருவிடம் இருந்து பழகினால்தான் அது கைவரும். அதைக் காட்டிவிட்டுச் சிரிக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேரே கீழே இரண்டு பையன்கள் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்கள், பன்னிரண்டு பதிமூன்று வயது இருக்கும். வலது கையால் இடது தோளுக்கு, அப்புறம் இடது கையால் வலது தோளுக்கு, மார்புக்கு, கிஸ்பெத்துக்கு. முதுகு எட்டவில்லை. ஒருவன் திரும்பி நிற்க மற்றவன் ஒரு இடம் விடாமல் நிதானமாகப் பூசினான், பிறகு இவன் அவனுக்குப் பூசினான். இரண்டு நிமிஷத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் மல்லாத்தப் பார்க்கிறார்கள்! நடுவில் ஒருவனுக்குக் கண்ணில் எண்ணெய் போய்விட்டது. கையைத் தூக்கினான், மற்றவன் உடனே பிடியை விட்டுவிட்டு நின்றான், துணிக்காரர் ஓடிவந்து கண்ணைத் துடைத்துவிட்டார், மறுபடி ஆரம்பித்தார்கள். துணி கொடுப்பதற்கென்று ஒரு ஆள், கெண்டியில் எண்ணெய் ஊற்றுவதற்கென்று ஒரு ஆள், இதெல்லாம் அங்கே முறைப்படி உள்ள பொறுப்புகள்.

மோதலுக்கு முன்னால் ஜஸ்கிர் என்கிறவர் ஒவ்வொரு பயில்வானையும் பாட்டாகச் சொல்லி அறிமுகம் செய்வார், வேண்டுதலும் அதிலேயே வரும். பிறகு தாவுல் என்ற பெரிய மேளமும் ஸுர்னாவும் முழங்க, பயில்வான்கள் கைகளை வீசித் தொடையில் தட்டிக்கொண்டு முன்னும் பின்னும் நடந்து, மண்டியிட்டு, தரையைத் தொட்ட கையை முழங்காலில், உதட்டில், நெற்றியில் வைப்பார்கள். இதற்கு பெஷ்ரெவ் என்று பெயர். ஸுர்னா நம் நாதஸ்வரம் போல இரட்டைச் சீவாளி வைத்து ஊதுவது. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு எங்கள் ஊர்த் தேர் ஞாபகம் வந்து உடம்பு சிலிர்த்துவிட்டது.

கிர்க்பினார் என்றால் 'நாற்பது ஊற்று'. 14ஆம் நூற்றாண்டில் ஓட்டோமன் இளவரசர் சுலைமான் பாஷாவின் நாற்பது வீரர்கள் போகிற வழியில் தங்கிய இடங்களிலெல்லாம் மல்லுக்கு நின்றார்களாம், அதில் இரண்டு பேர் மட்டும் ஜெயிக்காமலும் தோற்காமலும் இரவு வரை மோதி உயிரையே விட்டார்களாம், அவர்களை ஒரு அத்தி மரத்தடியில் புதைத்துவிட்டுப் போனவர்கள் பின்னால் வந்து பார்த்தபோது அங்கே ஊற்றுகள் பொங்கிக்கொண்டிருந்தனவாம். கதைதான். ஆனால் அந்தப் பழைய இடம் இன்று கிரேக்க நாட்டுக்குள் இருக்கிறது, பால்கன் போர்களுக்குப் பிறகு எல்லை மாறிவிட்டது. களம் கைவிட்டுப் போயும் 1924இலிருந்து சராயிச்சியில் அதே பெயரில் நடத்துகிறார்கள்.

இதை ஓக்மெய்தானியோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. இஸ்தான்புல்லைப் பிடித்த பிறகு சுல்தான் இரண்டாம் மெஹ்மெத் வில்வித்தைக்காகவே ஒதுக்கிய மைதானம் அது. அம்பு எட்டிய தூரத்தைக் குறிக்கக் கல் நட்டிருந்தார்கள். இப்போது மைதானத்தின் பெரும் பகுதி குடியிருப்பு, கற்கள் பல போய்விட்டன, மிஞ்சியவை வீடுகளுக்கு நடுவே நிற்கின்றன. எண்ணெய் மல்யுத்தத்தை 2010இலும் துருக்கி வில்வித்தையை 2019இலும் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது, நல்ல விஷயம்தான். ஆனால் பட்டியலுக்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே கிர்க்பினாரைக் காப்பாற்றி வந்தது ஊர்க்காரர்கள். செலவை ஏற்று விருந்தாளிகளைக் கவனிக்க ஒவ்வொரு வருஷமும் ஒரு 'அகா' உண்டு, ஒரு செம்மறிக் கடாவை ஏலம் விட்டு அதிகம் கேட்டவரை அகா ஆக்குகிறார்கள். முன்பெல்லாம் அடிப்பாகம் சிவந்த மெழுகுவர்த்தியை ஊர் ஊராக அனுப்பி அழைப்பார்களாம். "உனக்குச் சிவப்பு அடி மெழுகுவர்த்தி அனுப்பி அழைக்கணுமா?" என்பது இன்றும் அவர்கள் பேச்சில் உண்டு என்று நண்பர் சொன்னபோது, எங்கள் ஊரில் அதற்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடணுமா என்று கேட்போம் என்றேன், அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

1975 வரை மோதலுக்கு நேர வரம்பே கிடையாது. யாராவது ஒருவருடைய வயிறு நட்சத்திரத்தைப் பார்க்கும் வரை, அதாவது மல்லாந்து விழும் வரை மோத வேண்டும். இப்போது தலைப் பயில்வான் பிரிவில் 40 நிமிடம், அதற்குள் முடியாவிட்டால் புள்ளிக் கணக்கு. மரபே போச்சு என்று வருத்தப்படும் பெரியவர்கள் அங்கே இருக்கிறார்கள், நானும் போவதற்கு முன் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த ஜூலை வெயிலில், எண்ணெயும் வியர்வையும் வழிய, இரண்டு பயில்வான்கள் நெற்றியோடு நெற்றி முட்டுக் கொடுத்து மூச்சு வாங்குவதைப் பார்த்த பிறகு வரம்பு வேண்டும் என்றுதான் சொல்வேன்.

தலைப் பயில்வான் பட்டத்தை மூன்று வருஷம் தொடர்ந்து ஜெயித்தால் தங்க பெல்ட் அவருக்கே சொந்தம். அஹ்மெத் தாஷ்சி என்பவர் மொத்தம் 9 முறை பட்டம் வென்றவர், அங்கே அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், டீக்கடையில் காசு வாங்க மாட்டார்கள் போலிருக்கிறது. துருக்கியில் மல்யுத்த வீரருக்கு 'பெஹ்லிவான்' என்று பெயர். நாம் சொல்கிற பயில்வான் அதே பாரசீகச் சொல்தான், உருது வழியாக நம்மிடம் வந்தது. ஒரே சொல்லால் அழைக்கப்படுகிற ஆட்களை 'விநோதம்' என்று நாம் எப்படித் தள்ளிவைப்பது?

அடுத்த முறை போட்டால் அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள், ஊர் பெயரும் பயில்வான்கள் பெயரும் சரியாக வரட்டும். நான் அன்று எடுத்த படங்கள் பத்துப் பதினைந்து இருக்கின்றன, அந்த இரண்டு பையன்கள் முதுகுக்கு எண்ணெய் பூசிக்கொள்ளும் படமும் உண்டு. கேட்டால் அனுப்புகிறேன், பணம் எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகன்
திருப்பூர்