ஜயண்ட்ஸ் தொப்பி போட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய போட்டோவை அப்பா பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனை என்னிடம் நீட்டினார். பின்னால் டோக்கியோ டோம் மைதானம், உன் தலையில் கருப்புத் தொப்பி, அதில் ஆரஞ்சு நிறத்தில் டோக்கியோ பேஸ்பால் அணி ஜயண்ட்ஸின் எழுத்து. ஆபீஸில் எல்லாரும் போனோம், தொப்பி சும்மா கொடுத்தார்கள் என்று கீழே எழுதியிருக்கிறாய். சும்மா கொடுத்தால் எதை வேண்டுமானாலும் தலையில் வைத்துக்கொள்வாயா என்று போனிலேயே கேட்டிருப்பேன், நீ "அம்மா, மீட்டிங்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், ரயிலில் வாசித்துக்கொள்.

நம் ஹிரோஷிமா பேஸ்பால் அணியான கார்ப் மேல் எனக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று நீ கேட்டதே இல்லை, பிறந்ததிலிருந்து பார்க்கிறாய் அல்லவா. 1991 அக்டோபரில் அப்பாவோடு ஹிரோஷிமாவில் வந்து இறங்கியபோது எனக்கு ஜப்பானிய மொழியில் நாலு வார்த்தைகூடத் தெரியாது. கடைத்தெருவுக்குப் போனால் எங்கே பார்த்தாலும் சிவப்பு, பாட்டு, தள்ளுபடி, முன்பின் தெரியாதவர்கள் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். ஏதோ கோயில் திருவிழா என்று நினைத்தேன். கார்ப் லீக் பட்டம் வாங்கியிருக்கிறது என்பது இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது. அதற்கப்புறம் 25 வருஷம் அவர்கள் ஒரு பட்டம்கூட வாங்கவில்லை. நான் வந்த ராசி என்று அப்பா இன்றைக்கும் சொல்வார்.

எனக்குப் பேஸ்பாலும் ஜப்பானிய மொழியும் சொல்லிக்கொடுத்தது மூன்றாம் வீட்டுத் தாத்தா என்பது உனக்குத் தெரியும். ஆனால் அவர் பத்து யென் நோட்டைப் பீப்பாயில் போட்ட கதையை நீ முழுதாகக் கேட்டிருக்க மாட்டாய். கேட்டிருந்தால் அந்தத் தொப்பியை வாங்கியிருக்க மாட்டாய்.

அணுகுண்டு விழுந்து நாலு வருஷம்தான் ஆகியிருந்த ஊர், 1949 கடைசியில் ஒரு தொழில்முறை அணியை உண்டாக்கியது. மற்ற அணிகளுக்கெல்லாம் பின்னால் ரயில் கம்பெனியோ செய்தித்தாளோ சினிமா கம்பெனியோ இருந்தது, இவர்களுக்கு அப்படி ஒரு முதலாளி இல்லை. ஹிரோஷிமா கோட்டைக்குக் 'கெண்டைக் கோட்டை' என்று ஒரு பழைய பெயர் உண்டு, அதிலிருந்துதான் கார்ப். முதலில் 'கார்ப்ஸ்' என்று அறிவித்தார்களாம், ஆங்கிலத்தில் அந்த மீனுக்குப் பன்மையிலும் அதே பெயர்தான் என்று யாரோ சொன்ன பிறகு கடைசி எழுத்தை வெட்டினார்கள். பெயர் வைப்பதிலேயே தடுமாறியவர்கள் ஆட்டத்தில் எப்படி இருந்திருப்பார்கள்? 1950இல் முதல் சீசன், 41 வெற்றி, 96 தோல்வி, எட்டு அணிகளில் எட்டாவது.

அடுத்த வருஷம் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கவே காசில்லை. 1951 மார்ச்சில் அணியைக் கலைத்துவிடலாம், இல்லை தாயோ அணியோடு சேர்த்துவிடலாம் என்று பேச்சு நடந்தது. மேனேஜர் ஷூய்ச்சி இஷிமோட்டோ இந்த ஊர்க்காரர், போருக்கு முன்னால் ஓசாகா டைகர்ஸைச் சாம்பியனாக்கியவர். அவர் விடவில்லை. ஆட்டத்தைக் கவனிப்பதா, காசு திரட்டுவதா என்று தெரியாமல் ஊர் ஊராகப் போய் ரசிகர் சங்கம் சேர்த்தார். மைதானத்து வாசலில் சாக்கே மதுப் பீப்பாய்களை வைத்தார்கள், வருகிறவன் போகிறவன் எல்லாம் அதில் போட்டான். தாத்தாவுக்கு அப்போது ஏழு வயது. பத்து யென் அப்போது நோட்டுதான். அம்மா தேங்காய் நார்த் துடைப்பம் வாங்கி வரச் சொல்லிக் கொடுத்த நோட்டை அவர் பீப்பாயில் போட்டுவிட்டு, வெறுங்கையோடு போய் அடி வாங்கினாராம். உள்ளே எட்டிப் பார்த்தால் நனைந்த நோட்டும் மதுவாசனையும் சேர்ந்து வந்தது என்பார். அந்த நாற்றத்தைச் சொல்லும்போது அவர் மூக்கு இன்றைக்கும் சுருங்கும்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். 1952இல் லீக் ஒரு விதி கொண்டுவந்தது, பத்தில் மூன்று ஆட்டம்கூட ஜெயிக்காத அணியை இல்லாமல் செய்துவிடுவது என்று. யாரை மனதில் வைத்துக்கொண்டு அந்த விதியைப் போட்டார்கள் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். கார்ப் 37 ஆட்டம் ஜெயித்து, 80 தோற்று, மயிரிழையில் கோட்டைத் தாண்டியது. தாண்டாமல் மாட்டிக்கொண்டது யார் தெரியுமா? ஷோச்சிகு. இரண்டே வருஷத்துக்கு முன்னால் 1950இல் இதே லீகில் முதல் பட்டம் வாங்கிய, சினிமா கம்பெனிப் பணம் பின்னால் இருந்த ஷோச்சிகு. அதைத்தான் கடைசியில் தாயோவோடு சேர்த்தார்கள்.

அதற்காக உடனே ஜெயிக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைக்காதே. தோல்வியைவிட ஒரு ஆட்டமாவது கூடுதலாக ஜெயிக்க 1960 வரை ஆனது. நடுவில் 1957இல் குண்டு விழுந்த கட்டடத்துக்கு எதிரிலேயே நகராட்சி மைதானம் வந்தது. உன்னை முதன்முதலில் தோளில் தூக்கிக்கொண்டு போனது அங்கேதான், நீ மூன்றாவது இன்னிங்ஸில் தூங்கிவிட்டாய். 1968இல், அப்போது கார் கம்பெனி நடத்திவந்த மாட்சுடா குடும்பம் அணியைக் கையில் எடுத்தது, பெயரில் 'டோயோ' சேர்ந்தது அப்போதுதான். ஆனாலும் 1972, 73, 74 மூன்று வருஷமும் கடைசி இடம்.

சிவப்பு வந்தது 1975இல். அதற்கு முன்னால் கார்ப் தொப்பி கருநீலம், தெரியுமா? ஜோ லூட்ஸ் என்ற அமெரிக்கர் மேனேஜராக வந்து, போராட்டத்தின் நிறம் சிவப்பு, மாற்று என்றார். ஆட்டக்காரர்களே வெட்கப்பட்டார்களாம், பெரிய ஆண்பிள்ளைகள் போடுகிற நிறமா இது என்று. லூட்ஸ் பாவம், ஏப்ரலிலேயே நடுவரோடு சண்டை, அதில் நிர்வாகம் தலையிட்டது, கோபித்துக்கொண்டு போய்விட்டார். தாகேஷி கோபா பொறுப்பேற்றார். அக்டோபர் 15ஆம் தேதி டோக்கியோவில், அதுவும் ஜயண்ட்ஸ் மைதானத்தில், ஜயண்ட்ஸையே தோற்கடித்து முதல் லீக் பட்டம். (நீ எந்தத் தொப்பியைப் போட்டிருக்கிறாய் என்பதை இந்த இடத்தில் ஒரு தடவை நினைத்துக்கொள்.) ஊர்வலத்துக்கு அமைதிச் சாலையில் 3 லட்சம் பேர் கூடினார்கள் என்று கணக்கு. தாத்தாவும் போயிருந்தார். கூட்டத்தில் பலபேர் கையில் சட்டம் போட்ட படம் இருந்ததாம், செத்துப்போன அப்பா படம், அண்ணன் படம், ஆட்டக்காரர்கள் வண்டி வரும்போது அந்தப் படத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்களாம், அவர்களும் பார்க்கட்டும் என்று. அவர் இதைச் சொன்ன அன்று நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

அந்த அணியில் கோஜி யமமோட்டோவும் சச்சியோ கினுகாசாவும். கினுகாசா பெயரை நீ மறந்திருக்க மாட்டாய். நாலாம் வகுப்பில் ஒரு பையன் உன் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்தான் என்று அழுதுகொண்டு வந்தாயே, அன்றைக்குத் தாத்தா உன்னை உட்காரவைத்து அவர் படம் போட்ட அட்டையைக் கையில் கொடுத்தார். கினுகாசா கியோட்டோவில் பிறந்தவர், அவருடைய அப்பா கருப்பு அமெரிக்கச் சிப்பாய், அம்மா ஜப்பானியர். 1979இல் ஜயண்ட்ஸ் பிட்சர் போட்ட பந்து பட்டுத் தோள்பட்டை எலும்பு உடைந்தது. மறுநாள் கட்டுப் போட்டுக்கொண்டு படுக்க வேண்டிய ஆள், மட்டையோடு வந்து நின்று மூன்று பந்துக்கும் மட்டையை முழு வீச்சில் சுழற்றி அவுட் ஆனார். முதல் வீச்சு ரசிகர்களுக்கு, இரண்டாவது எனக்கு, மூன்றாவது அந்தப் பிட்சருக்கு என்று பிறகு சொன்னார். போட்டவன் மனம் நோகக்கூடாது என்று. ஒரு ஆட்டம்கூட விடாமல் 2215 ஆட்டம் தொடர்ந்து ஆடினார். நீ அந்த அட்டையை ஒரு மாசம் பென்சில் பெட்டியில் வைத்திருந்தாய்.

அதே 1979இன் கடைசி ஆட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நவம்பர் 4, ஓசாகா, தூறல். இரண்டு லீக் சாம்பியன்களும் மோதுகிற ஜப்பான் சீரிஸ், அதில் ஏழாவது ஆட்டம், கார்ப் 4, கின்டெட்சு 3. ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸில் கின்டெட்சு மட்டை பிடிக்கிறது, மூன்று பேஸிலும் ஓடத் தயாராக அவர்கள் ஆள், மூன்று பேரை அவுட் ஆக்க வேண்டும், ஒருவரும் அவுட் இல்லை, நம் பிட்சர் யுதாகா எனாட்சு. அந்த நேரத்தில் ஓரத்தில் வேறு பிட்சர்களைத் தயார் செய்வதை எனாட்சு பார்த்துவிட்டார், என் மேல் நம்பிக்கை இல்லையா என்று அவருக்கு ரோஷம். கினுகாசா பக்கத்தில் போய், நீ விலகினால் நானும் விலகுகிறேன் என்றார். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த ஆள் அவுட். அதற்கடுத்தவன் பந்தை மெதுவாகத் தட்டிவிட்டு மூன்றாவது பேஸில் நிற்பவனை ஓடவைக்கப் பார்த்தான். கையிலிருந்து பந்து கிளம்பப் போகிற நேரம், வளைபந்துக்குப் பிடித்த பிடியை மாற்ற நேரமில்லை, எனாட்சு அப்படியே மட்டைக்கு எட்டாத தூரத்தில் போட்டார், கேட்சர் எழுந்து பிடித்தார், பாதி வழி ஓடிவந்தவன் மாட்டிக்கொண்டு அவுட். அப்புறம் மட்டைக்காரனும் அவுட். அந்த இன்னிங்ஸில் எனாட்சு போட்டது மொத்தம் 21 பந்து, கார்ப்புக்கு முதல் ஜப்பான் பட்டம். தாத்தா இதை மிளகாய்ப்பொடி டப்பா, சோயா சாஸ் பாட்டில் எல்லாம் மேசையில் நிறுத்தி எனக்கு நடித்துக் காட்டினார். அன்று தோற்ற கின்டெட்சு, பெரிய ரயில் கம்பெனியின் அணி, ஒரு தடவைகூட ஜப்பான் பட்டம் வாங்காமலே 2004இல் இன்னொரு அணியோடு கலந்து மறைந்துபோனது.

1980, 1984 ஜப்பான் பட்டங்களை நீயே பார்த்துக்கொள். 90களில் ஆட்டக்காரர்கள் விரும்பிய அணிக்கு மாறலாம் என்ற விதி வந்தது, அதோடு நம் கதை முடிந்தது. நாம் வளர்ப்போம், பணக்கார அணி வந்து கூட்டிக்கொண்டு போகும். எத்தோ ஜயண்ட்ஸுக்கு, கானேமோட்டோ ஹன்ஷினுக்கு. தகாஹிரோ அராய் போகும்போது, எனக்குக் கார்ப் பிடிக்கும் என்று டிவியில் அழுதுகொண்டே போனார், பிடித்தால் ஏன்டா போகிறாய் என்று நான் டிவியைப் பார்த்துத் திட்டினேன். அவர் ஹன்ஷின் சட்டையில் வந்தபோது மைதானத்தில் கூச்சல் போட்டவர்களில் நானும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

நம் பிட்சர் குரோடா விஷயம் வேறு. 2006இல் அவர் போய்விடுவார் என்று பேச்சு வந்தபோது ரசிகர்கள் பெரிய பேனர் பிடித்தார்கள், நீ கண்ணீர் விட்டால் அந்தக் கண்ணீராக நாங்கள் இருப்போம் என்று. அந்த வருஷம் இருந்துவிட்டார். பிறகு அமெரிக்கா போய் டாட்ஜர்ஸ், யாங்கீஸ் அணிகளில் எல்லாம் ஆடினார். 2014 டிசம்பரில், அங்கே இதைவிடப் பல மடங்கு சம்பளம் காத்திருக்கும்போது, 40 கோடி யென்னுக்குத் திரும்பி வருகிறேன் என்றார். 2015 சீசனில் அவரோடு அராயும் திரும்பினார். முதல் ஆட்டத்தில் மட்டையோடு வந்தபோது கூச்சல் போடுவார்கள் என்று பயந்தாராம். ஊர் எழுந்து நின்று கைதட்டியது. நானும் தட்டினேன், வேறென்ன செய்வது.

2016 செப்டம்பர் 10. நீ கல்லூரியில் இருந்தாய், வீட்டுக்கு வரவில்லை. டோக்கியோ டோம், எதிரே ஜயண்ட்ஸ், பிட்சர் குரோடா. தாத்தா எங்கள் வீட்டில் டிவி முன்னால் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நான் செய்த பஜ்ஜியைத் தொடவில்லை. ஜெயித்து, 25 வருஷத்துக்குப் பிறகு லீக் பட்டம் கைக்கு வந்ததும் குரோடாவும் அராயும் கட்டிக்கொண்டு அழுதார்கள். தாத்தா அழவில்லை. ஆறிப்போன பஜ்ஜியை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, "துடைப்பக் காசு வசூலாகிவிட்டது" என்றார்.

சரி, ஊர்ச் செய்தி. தாத்தாவுக்கு முட்டி வலி கூடிவிட்டது, எழுந்து உட்கார்ந்து ஆரவாரம் செய்கிற ஆட்டமெல்லாம் இனி முடியாது, ஆனாலும் மைதானத்துக்கு வருவேன் என்கிறார். ஸ்டேஷனிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம், நீ பிடித்துக்கொண்டால் இருபது நிமிஷத்தில் போய்விடலாம். வழியிலிருக்கிற அந்த லாசன் கடைப் பலகை இன்னும் கார்ப் சிவப்பாகத்தான் இருக்கிறது. உன் சிவப்புச் சட்டையை இஸ்திரி போட்டு அலமாரி மேல்தட்டில் வைத்திருக்கிறேன், இப்போது தோளில் பிடிக்குமா தெரியவில்லை.

மே லீவுக்கு வருகிறாயா என்று இந்த வாரமே சொல், டிக்கெட் நிற்காது. மூன்று பேருக்கு முதல் பேஸ் பக்கம், நம் ரசிகர்கள் உட்காருகிற பக்கம் எடுக்கிறேன். அந்தத் தொப்பியோடுதான் வருவாய் என்றால் உனக்கு மட்டும் எதிரணிக்காரர்கள் உட்காருகிற மூன்றாம் பேஸ் பக்கம் தனியாக எடுத்துத் தருகிறேன், உடோன் வாங்கிக்கொண்டு நீயே போய் உட்கார்.

அம்மா