யூரோவிலேயே எடு

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள செல்லமுத்து,

உனக்கு ஜெர்மனி விசா வந்துவிட்டதென்று ஞாயிற்றுக்கிழமை தட்டுவடைக் கடையில் வைத்து லாரிக்கார மாமா சொன்னார். நீ சொல்லவில்லை. அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம். மதனிக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லோரும் நலம். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு இந்த வருஷம் நீங்கள் இரண்டு பேரும் இருக்கமாட்டீர்கள் என்று வீட்டில் ஒரே குறை.

மாமா இன்னொன்றும் சொன்னார். “ரொக்கம் எதுக்கு? கிரெடிட் கார்டைச் சொருகினா ஜெர்மனியிலயும் காசு கொட்டும்” என்றாயாமே! அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போனில் சொல்லலாமென்றால் இந்த மழைக்கு உங்கள் மலையில் பாதிப் பேச்சு அறுந்துபோகிறது. அதனால்தான் எழுதுகிறேன். இந்தக் காகிதத்தை பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்.

கொட்டும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் அது கடன். கடையில் தேய்த்தால் கிடைக்கிற வட்டியில்லாத நாட்கள் இதற்குக் கிடையாது. எடுத்த அன்றே வட்டி ஓட ஆரம்பிக்கும், பல கார்டுகளில் மாதத்துக்கு மூன்றரை சதவீதத்தை ஒட்டி. அதற்கு முன்னாலேயே ரொக்கக் கட்டணம் என்று இரண்டரை சதவீதமோ 500 ரூபாயோ, எது அதிகமோ அதைப் பிடிப்பது வழக்கம். அதன்மேல் அந்நியச் செலாவணி மார்க்கப் (வெளிநாட்டுப் பணத்தை ரூபாயாக மாற்ற வங்கி ஏற்றிப் பிடிக்கும் சதவீதம்), அதன்மேல் ஜிஎஸ்டி. கிரெடிட் கார்டைக் கடையிலும் ரயில் டிக்கெட்டுக்கும் தேய். ஏடிஎம்முக்கு டெபிட் கார்டு.

அந்த டெபிட் கார்டை இப்போதே எடுத்துப் பார். வெறும் ரூபே என்றால் அங்கே செல்லாது. ரூபே குளோபல் என்றால் டிஸ்கவர், டைனர்ஸ் கிளப் முத்திரை போட்ட மெஷினில்தான் எடுக்கும். விசா கார்டு அல்லது மாஸ்டர்கார்டு ஒன்று கேட்டு வாங்கிக்கொள். கார்டு காலாவதியாகும் மாதத்தையும் பார்த்துவிடு. ரிசர்வ் வங்கி 2020-ல் கொண்டுவந்த விதிப்படி புதுக் கார்டு உள்நாட்டுக்கு மட்டும்தான் திறந்திருக்கும், வெளிநாட்டுப் பயன்பாட்டை நீதான் திறக்க வேண்டும். வங்கி ஆப்பில் போய் ‘சர்வதேசப் பயன்பாடு’ என்பதில் ஏடிஎம்மைத் திறந்து, தினசரி வரம்பையும் போட்டுவிடு. இதைச் சேலத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே செய். பல வங்கி ஆப்கள் பதிவு செய்த சிம் போனில் இருக்கிறதா என்று பார்க்கும். அங்கே போய் நம்ம சிம்மைக் கழற்றிவிட்டு ஜெர்மன் சிம்மைப் போட்டால் ஆப் திறக்காமல் போகலாம். ஜெர்மன் சிம் இரண்டாவது ஸ்லாட்டுக்குப் போகட்டும், நம்முடையது ரோமிங்கில் உயிரோடு இருக்கட்டும்.

இனிமேல் வருவதுதான் முக்கியம். மற்றதை மறந்தாலும் இதை மறக்காதே.

மெஷினில் கார்டைப் போட்டு, பின் நம்பர் அடித்து, 200 யூரோ கேட்கிறாய். பணம் வருவதற்கு முன்னால் திரை ஒரு கேள்வி கேட்கும். “உங்கள் கணக்கில் இத்தனை ரூபாய் பிடிக்கப்படும், இந்த ரேட் உறுதி, சம்மதமா?” என்று ரூபாயிலேயே காட்டும். நம்ம ஊர்க் கணக்கில் தெரிகிறதே என்று மனசு குளிர்ந்துவிடும். பச்சைப் பட்டனும் அங்கேதான் பெரிதாக இருக்கும். அமுக்காதே! அந்த ரேட் விசாவோ உன் வங்கியோ போட்டதல்ல. மெஷின் வைத்திருப்பவன் தன் லாபத்தைச் சேர்த்துப் போட்ட ரேட். இதற்குப் பெயர் டைனமிக் கரன்சி கன்வர்ஷன். ஜெர்மன் திரையில் ‘மிட் உம்ரெஷ்னுங்’ என்றால் மாற்றத்தோடு, ‘ஓனே உம்ரெஷ்னுங்’ என்றால் மாற்றமில்லாமல். நீ தொட வேண்டியது ‘ஓனே’. ஆங்கிலத் திரையாக இருந்தால் ‘வித்தவுட் கன்வர்ஷன்’, அல்லது ‘டிக்ளைன்’. ‘டிக்ளைன்’ என்றதும் பணமே வராது என்று பயப்படாதே. மறுப்பது அவன் ரேட்டைத்தான், பணம் யூரோவாக வரும். வராமல் கார்டைத் துப்பினாலும் நஷ்டமில்லை, அடுத்த மெஷினுக்குப் போ.

கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள். 200 யூரோவுக்கு 20,000. ‘ஓனே’ தொட்டால் உன் வங்கி மார்க்கப் மூன்றரை சதவீதம் என்றால் 700, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 126, வெளிநாட்டு ஏடிஎம் கட்டணம் 150 என்றால் ஜிஎஸ்டியோடு 177. மொத்தம் 21,003. ‘மிட்’ தொட்டுவிட்டாய், அவன் பத்து சதவீதம் ஏற்றியிருக்கிறான் என்றால் அங்கேயே 22,000. அதோடு விடாது. வெளிநாட்டில் ரூபாயில் நடந்த பரிவர்த்தனைக்கென்று நம்ம வங்கிகள் பலவும் ஒரு சதவீதம் போலத் தனியாகப் பிடிக்கின்றன. 220, ஜிஎஸ்டி 40, பிறகு அதே 177. ஆக 22,437. ஒரு பட்டனுக்கு 1,434 ரூபாய்! எத்தனை தட்டுவடை செட் என்று நீயே வகுத்துப் பார்.

பேரன் சொன்னானென்று ஃபாரெக்ஸ் கார்டு, அதாவது வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றி வைக்கிற கார்டு, வாங்கினால் யூரோவாகவே ஏற்று. டாலராக ஏற்றிக்கொண்டு யூரோ எடுத்தால் மறுபடி மாற்றுக் கட்டணம். அதிலும் இந்தப் பட்டன் ஆபத்து உண்டு, இன்னும் மோசமாக. கார்டு இந்திய வங்கியுடையது என்று மெஷினுக்குத் தெரியும். உள்ளே யூரோ இருப்பது தெரியாது. ரூபாயில் வேண்டுமா என்று கேட்கும். சரி என்றால் யூரோவை ரூபாயாக்கி, அந்த ரூபாயை உன் கார்டு திரும்ப யூரோவாக்கி, இரண்டு பக்கமும் வெட்டு விழும். கடையில் தேய்க்கும்போதும், ஓட்டலிலும் இதே கேள்வி வரும். யூரோ என்றே சொல்.

மெஷினை வங்கிக் கட்டிடத்தில் பார்த்துத் தேர்ந்தெடு. சுற்றுலாத் தெருவிலும் ரயில் நிலையத்திலும் தனியாக நிற்கும் மெஷின்களில்தான் இந்த ரேட் கொள்ளை அதிகம். வங்கி மெஷினும் தன் பங்குக்கு நாலைந்து யூரோ கட்டணம் கேட்கலாம், ஆனால் எவ்வளவு என்று திரையில் முதலிலேயே காட்டும். பிடிக்காவிட்டால் சிவப்புப் பட்டன். பணம் எடுக்காமல் வந்துவிட்டால் கட்டணம் இல்லை. தடவைக்குத் தடவை கட்டணம் விழுவதால் 50, 50 என்று நாலு தடவை எடுக்காதே, ஒரே தடவையில் 200 எடு. இரவு நேரத்தை நம்பாதே. அங்கே ஏடிஎம்மை வெடிவைத்துத் தகர்க்கும் கும்பல்கள் இருப்பதால் பல கிளைகளில் நள்ளிரவுக்கு முன்பே முன்கூடத்தைப் பூட்டிவிடுகிறார்கள்.

பணம் வராமல் ‘வங்கி மறுத்தது’ என்று வந்தால் பதறாதே. பாதி நேரம் வரம்புதான் காரணம். 200 யூரோவுக்கு 20,000 என்று வரம்பு வைத்தால் கட்டணத்துக்கு இடமில்லை, 25,000 வை. தினசரி வரம்பு பெரும்பாலும் நம்ம ஊர் நள்ளிரவில் புதுப்பிக்கப்படும். கோடையில் அவர்கள் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், ஆகவே அங்கே இரவு எட்டரை. கணக்கு சேவிங்ஸா, செக்கிங்கா என்று மெஷின் கேட்டால் சேவிங்ஸ். மறுத்தால் மற்றதை ஒரு தடவை பார். பின் நம்பர் மட்டும் மூன்று தடவை தப்பினால் கார்டு முடங்கும்.

கணக்கில் கழிந்து பணம் வரவில்லை என்றால் அன்றைக்கே நம்ம வங்கிக்குப் புகார் எழுது. ஸ்லிப், மெஷின் எண், நேரம் மூன்றையும் போட்டோ எடுத்து வை. உள்நாட்டில் ஐந்து நாளுக்குள் வங்கி பணத்தைத் திருப்பிப் போட வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்கிற விதி வெளிநாட்டு ஏடிஎம்முக்குக் கிடையாது, அதனால் ஆதாரம்தான் பேசும். கார்டை மெஷின் விழுங்கிவிட்டால் ஆப்பில் உடனே முடக்கு. வங்கியின் 1800 என்று தொடங்கும் இலவச எண்கள் அங்கிருந்து போவது சந்தேகம். +91 என்று தொடங்கும் எண்ணை இந்தக் காகிதத்தின் பின்பக்கம் எழுதிக்கொள். இரண்டாவது கார்டு மதனியின் பையில் இருக்கட்டும், உன் பர்ஸில் வேண்டாம்.

கையில் 300 யூரோ இங்கேயே மாற்றிக்கொள், ஏர்போர்ட்டில் வேண்டாம். 50,000 ரூபாய்க்குக் குறைவாக என்றால் ரொக்கமாகக் கொடுத்தே வாங்கலாம். ஐந்து, பத்து, இருபது தாள்களாகக் கேள். ரொட்டிக் கடையில் 200 யூரோ தாளை வாங்கமாட்டார்கள். அங்கே சின்னக் கடைகள் இன்னமும் ரொக்கத்தைத்தான் விரும்புகின்றன. ‘கார்டு உண்டு’ என்று பலகை இருந்தாலும் அது அவர்கள் நாட்டு டெபிட் கார்டான ஜிரோகார்டு (girocard) மட்டுமாக இருக்கலாம். கழிப்பறைக்கும் சில்லறை வேண்டும். மதனியிடம் ஒரு யூரோ, ஐம்பது சென்ட் நாணயங்களைச் சேர்த்து வைக்கச் சொல்.

காப்பி பழுப்பதற்குள் வந்துவிடுவாய்தானே? மிளகுக் கொடியை யார் பார்ப்பார்கள்? வெள்ளிக்கிழமை கார்டுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வா. ஆப்பைத் திறந்து வரம்பு போடுவதை உட்கார்ந்து சேர்ந்தே முடித்துவிடுவோம். மதியச் சாப்பாடு இங்கேதான்.

உன்
கணக்கு