விஜிக்கு, தாது வருஷக் கதையோட

அன்புள்ள விஜி,

நல்லா இருக்கியா, அண்ணாவுக்கு முட்டி வலி தேவலையா, சின்னவளுக்கு வேலை கன்ஃபார்ம் ஆச்சா. இங்க எல்லாரும் சௌக்கியம். ராஜி வழக்கம் போல எல்லார்கிட்டயும் உன்னப் பத்தி கோள் மூட்டிட்டு இருக்கா, கண்டுக்காத. நான் எழுதுறது வேற விஷயத்துக்கு, போன்ல சொன்னா நீ பாதியில "இரு குக்கர் விசில்"னு ஓடிருவ, அதான் உக்காந்து டைப் பண்றேன்.

என் ஒன்பதாங்கிளாஸ் பசங்க பாட்காஸ்ட் பண்றாங்கடீ. ஸ்கூல்களுக்கு ஒரு போட்டி, வரலாற்றுல நடந்த இயற்கைப் பேரிடர் ஒண்ண கதையா சொல்லணும், மூணு எபிசோடு. எல்லாரும் சுனாமின்னாங்க, ஒருத்தன் தனுஷ்கோடி புயல்னான், 1964ல ரயிலே கடலுக்குள்ள போனத அவன் யூடியூப்ல பாத்திருக்கான். பின் பெஞ்சுல ஒரு பொண்ணு, அம்மாபேட்டை தறிக்காரங்க வீட்டுப் பொண்ணு, எந்திரிச்சு "மிஸ், நான் சோத்த மிச்சம் வச்சா எங்க அப்பாயி, தாது வருஷத்துல பொறந்திருந்தா தெரியும்டி உனக்குன்னு திட்டும், அது என்ன வருஷம் மிஸ்"னு கேட்டா. அவ்ளோதான், அன்னைக்கு நான் எடுக்க வேண்டிய பாடத்த எடுக்கவே இல்ல.

தாது வருஷம்ங்கறது அறுபது வருஷத்துக்கு ஒருக்கா திரும்பி வர்ற தமிழ் வருஷப் பேரு, அப்பாயி சொன்னது 1876ல அந்தப் பேர்ல வந்த வருஷத்துப் பெரும் பஞ்சத்த. அந்த வருஷம் மழை பொய்ச்சுது, அடுத்த வருஷம் தென்மேற்குப் பருவமும் கைய விரிச்சுது. பசிபிக் கடல் சூடாகி, அதே சமயத்துல சீனாவுலயும் பிரேசில்லயும் கூட வறட்சியாம், எல் நினோன்னு இப்ப சொல்றாங்க. இதெல்லாம் பசங்களே தேடிட்டு வந்தாங்க. ஆனா அவங்கள உலுக்குனது சென்சஸ் கணக்குதான். அன்னைக்கு சேலம் ஜில்லான்னா நாமக்கல் தர்மபுரி கிருஷ்ணகிரி எல்லாம் சேத்து. 1871ல 19 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல ஜனம், 1881ல 16 லட்சம் கூட இல்ல. ஒரு பையன் போர்டுல கழிச்சுப் பாத்துட்டு திரும்பி என்னயப் பாத்தான், கிளாஸ்ல சத்தமே இல்ல. எல்லாரும் செத்துட்டாங்கன்னு அர்த்தமில்லடா, இலங்கைத் தோட்டத்துக்கும் அங்க இங்கயும் பொழைக்கப் போனவங்களும் அதுல உண்டுன்னு சொன்னேன். அப்ப ஊர்ல பொறக்க வேண்டிய கொழந்தைங்களும் பொறந்திருக்காதுல்ல மிஸ்னான். பதிமூணு பதினாலு வயசு விஜி.

ரெக்கார்டிங் எங்க தெரியுமா, சத்துணவு ஸ்டோர் ரூம்ல. கிளாஸ்ல பேசுனா எதிரொலி, வெளிய ஆடி மாசம், மாரியம்மன் கோயில் மைக் செட்டு விடிகாலைல ஆரம்பிச்சா நிக்காது. ஸ்டோர் ரூம்ல செவுத்த ஒட்டி அரிசி மூட்டை அடுக்கியிருக்கறதால சத்தம் அப்படியே அமுங்குது. மூட்டை நடுவுல உக்காந்து ஒரு பொண்ணு பஞ்சத்துல இலவசமாக் கஞ்சி ஊத்துன கஞ்சித் தொட்டி சீன் படிக்கறா, வட்டிலோட வரிசையில நிக்கிற அம்மாவோட குரல்ல, "எம் புள்ளைக்கு மட்டும் ஊத்துங்க சாமி"ன்னு. படிச்சிட்டு இருந்தவ நிறுத்திட்டு மூட்டையத் தொட்டுப் பாத்தா. சத்துணவு அமைப்பாளர் அக்கா வெளிய போயி மூஞ்ச கழுவிட்டு வந்தாங்க.

இப்ப என் கவலைக்கு வரேன். ரெண்டாவது எபிசோடுதான் பிரச்சனை. 1877 ஜனவரி 1ஆம் தேதி டெல்லியில விக்டோரியாவ பேரரசின்னு அறிவிச்சு தர்பார், வைஸ்ராய் லிட்டன் நடத்துன கொண்டாட்டம், அதே நாள்ல நம்ம ஜில்லாவுல சனங்க சப்பாத்திக் கள்ளிப் பழத்தப் பறிச்சுத் தின்னுட்டு இருக்காங்க. இத மாத்தி மாத்தி வச்சு ஸ்க்ரிப்ட் எழுதிருக்காங்க. அப்புறம் லிட்டன் அரசாங்கம் பஞ்சத்தப் பாக்க அனுப்புன அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் வந்து நிவாரண வேலையில கல்லு ஒடைக்கிற ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது 450 கிராம், கூட கொஞ்சம் சில்லறை போதும்னு கூலியக் கொறச்சது. சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ், அவரும் வெள்ளக்காரர்தான், இத வச்சு மனுசன் வேலை செய்ய முடியாதுன்னு சண்டை போட்டது. சேலத்துக்கு ரயில் 1860கள்லயே வந்தாச்சு, அந்த ரயில் தானியம் கொண்டும் வந்துச்சு, ஆனா வெலைய யாரும் கட்டுப்படுத்தல, வியாபாரத்துல அரசாங்கம் தலையிடக் கூடாதுங்கறது அவங்க கொள்கை, கையில காசில்லாதவன் மூட்டையப் பாத்துட்டே செத்தான். துணி வாங்க ஆளில்லாம தறிக்காரங்க பாடு இன்னும் மோசம். அந்த வருஷங்கள்லயும் இந்தியாவுல இருந்து கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிட்டுதான் இருந்துச்சு.

இதக் கேட்டுட்டு ஒரு பெரிய மனுஷர், பேரு வேணாம், "தலைப்பு இயற்கைப் பேரிடர் டீச்சர், அந்த எபிசோட வெட்டிட்டு மழை இல்ல, பஞ்சம் வந்துச்சு, மழை வந்துச்சு, முடிஞ்சுதுன்னு குடுங்க, பரிசு நிச்சயம்"ங்கறாரு. பசங்ககிட்ட சொன்னேன். தறி வீட்டுப் பொண்ணு கேட்டா, "மழை பெய்யாதது இயற்கை மிஸ், கூலியக் கொறச்சது இயற்கையா?" என்ன பதில் சொல்லுவ நீ? ராத்திரி படுத்தா அந்தக் கேள்விதான் ஓடுது. வெட்ட மாட்டேன் விஜி, பரிசு போனா போகட்டும். ஆனா இந்தப் பசங்க இதுக்கு முன்னாடி எதுலயும் மேடை ஏறுனதில்ல, அதான் வயித்தக் கலக்குது.

இன்னொண்ணு, மழை வந்தும் முடியல. 1877 கடைசியில மழை பெஞ்சப்ப, ஒடம்புல தெம்பில்லாத சனங்கள மலேரியாக் காய்ச்சல் கொத்துக் கொத்தா கொண்டு போச்சு. மழைச் சத்தத்தோட கதைய முடிக்கலாம்னு சவுண்டு பாக்குற பையன் ஆசையா டவுன்லோடு பண்ணி வச்சிருந்தான், இதப் படிச்சதும் அவனே தூக்கிட்டான். அழுகைச் சத்தமும் வேணாமாம். பின்னால தறி ஓடுற சத்தம் மட்டும் வரும், மூணாவது எபிசோட்ல அது நடுவுலயே நின்னுரும். அட்டைக்கு ஹூப்பர்ங்கற ராணுவ அதிகாரி எடுத்த பஞ்சப் போட்டோ கெடச்சுது, எலும்பும் தோலுமா மனுசங்க. "அவங்கள கேட்டுட்டா எடுத்தாரு"ன்னு ஒருத்தன் கேட்டான், அதோட அதுவும் போச்சு. கள்ளிச் செடி ஒண்ணு வரைஞ்சிருக்காங்க, பழம் மட்டும் செவப்பு.

இப்ப உன்கிட்ட வேலை. 96ல திரும்பவும் தாது வருஷம் பொறந்தப்ப உங்கம்மா ரெண்டு மூட்டை ராகி வாங்கி மச்சுல ஏத்துனாங்களே, நாம கேலி பண்ணி சிரிச்சோமே, ஞாபகம் இருக்கா? அவங்க அப்பாயி சொன்னதுன்னு எறும்புப் புத்த தோண்டி தானியம் எடுத்த கதை ஒண்ணு சொல்லுவாங்க, பாதியில ஒரு கும்மியும் வரும். அதப் பசங்க கேக்கணும். உன் செல்லுல ரெக்கார்டு பண்ணி அனுப்பு. ஃபேன ஆஃப் பண்ணிட்டு, செல்ல வாய்க்குப் பக்கத்துல வச்சு எடு. நடுவுல நீ பேசாத, உன்னால முடியாதுன்னு தெரியும், இருந்தாலும் பல்லக் கடிச்சுட்டு இரு. அம்மா மறந்து மறந்து சொன்னாலும் பரவால்ல, திருத்தாத, இருமுனா இருமட்டும்.

ஆடிப் பண்டிகைக்கு நீ வந்தா பொங்கலுக்கு நம்ம வீடுதான், ராஜி கூப்ட்டா போகாத. ஏற்காடு லைம் ஜூஸ் கணக்கு இன்னும் பாக்கி இருக்கு, அண்ணா முன்னாடியே கேப்பேன். அடுத்த வாரத்துக்குள்ள ஆடியோ வந்துரணும், கடைசித் தேதி நெருங்குது.

உன்
மல்லிகா