பொன்னுக்கு வீங்கிக்கும் இலவச ஊசி வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். மன்னார்குடி பக்கத்துலேருந்து எழுதுறேன். எங்க அக்கா பையனுக்கு ஆறு வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சு, வழக்கம்போல கழுத்துல தங்கச் செயின மாட்டிவிட்டோம், வீக்கம் ஒரு வாரத்துல வத்திடுச்சு, ஆனா இடது காது கேக்கலைங்கறது ரெண்டு வருஷம் கழிச்சு செல்போன அந்தக் காதுல வச்சப்பதான் தெரிஞ்சுது, ஒத்தக் காத வச்சே அவன் சமாளிச்சிருக்கான் பாவம்.

தட்டம்மை இன்னும் மோசம், காதுல சீழ், மூளைக்காய்ச்சல்னு போகும், வைட்டமின் ஏ குறைஞ்ச பிள்ளைன்னா கருவிழி புண்ணாகி பார்வையே போயிடலாம். ஆனா மாரியம்மா வந்திருக்கான்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகமாட்டேங்கறாங்க (வேப்பிலை கட்டுங்க, வேணாங்கல, நானும் வலங்கைமான் மாரியம்மன் கோயில் பாடைக்காவடிக்குப் போறவன்தான்). ருபெல்லாங்கற அம்மை மாதிரி நோய் கர்ப்பத்தோட முதல் மூணு மாசத்துல வந்தா வயித்துப் பிள்ளைக்கு கண்புரை, செவிடு ரெண்டும் சேர்ந்தே வரலாம்.

2017ல பள்ளிக்கூடத்துல தட்டம்மை, ருபெல்லா ரெண்டையும் தடுக்குற எம்.ஆர். ஊசி போட்டப்ப வாட்ஸ்அப் வதந்திய நம்பி பிள்ளைக்கு லீவு போட்டவங்க எங்க தெருவுலயே உண்டு. ஒம்பது மாசத்துலயும் ஒன்றரை வயசுலயும் அரசாங்கத்துல இலவசமாவே போடுறாங்க. அதுல பொன்னுக்கு வீங்கிக்கு மட்டும் மருந்து இல்ல, மூணையும் சேர்த்துத் தடுக்குற எம்.எம்.ஆர். ஊசி வேணும்னா தனியார்ல காசு குடுத்துதான் போடணும், கூலி வேலைக்குப் போறவங்க எங்க போவாங்க? அதையும் சேர்த்துக் குடுத்தா என்ன சார்?