ஒன்பது துண்டும் ஒரு மாகாணியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் உங்கள் ஞாயிறு இணைப்பில், துண்டுத் துணிகளை இணைத்துக் குழந்தைப் போர்வை தைப்பது பற்றி ஒரு பக்கம் வந்திருந்தது. படமும் நிறங்களும் கண்ணுக்கு நிறைவாக இருந்தன. ஆனால் அளவு தவறு. ஒரு இன்ச் சதுரமாக ஒன்பது துண்டு வெட்டி, மூன்று வரிசையாக இணைத்தால் மூன்று இன்ச் கட்டம் வரும் என்று போட்டிருந்தீர்கள். தையலுக்கு எவ்வளவு விட வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை.

மாலையில் என்னிடம் தையல் பழக வரும் பெண்களில் இருவர் அந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டு நாற்பது கட்டம் தைத்துவிட்டார்கள். ஒவ்வொன்றும் இரண்டு இன்ச்சில் நின்றது. ஓரத் துண்டு முக்கால் இன்ச், நடுத்துண்டு அரை இன்ச். "எங்கேங்க்கா தப்பு?" என்று மேசையில் பரப்பிக் காட்டினார்கள். தையல் நூல் பிடித்ததுபோல் நேராகத்தான் இருந்தது. அவர்கள் மீது ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

மூன்று இன்ச் கட்டம் வேண்டுமென்றால் துண்டை ஒன்றரை இன்ச் சதுரமாக வெட்ட வேண்டும். நான்கு பக்கமும் கால் இன்ச் தையலுக்குப் போகும். ஒன்பதையும் இணைத்தபின் கட்டம் மூன்றரை இன்ச் இருக்கும். பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துத் தைத்த பிறகு, வெளியே தெரிவது சரியாக மூன்று இன்ச்.

நான் முப்பது வருடம் பிளவுஸ் தைத்தவள். பின்னால் பிரித்துப் பெரிதாக்க வேண்டுமே என்று ஒன்றரை இன்ச் உள்ளே விட்டே பழகிய கை. அந்தக் கைக்குக் கால் இன்ச் தையலைக் கற்றுக்கொடுத்தது அமெரிக்காவின் பென்சில்வேனியா. மகளின் பிரசவத்திற்காக 2014-ல் அங்கே ஆறு மாதம் இருந்தேன். லான்காஸ்டர் பக்கத்தில் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வாழும் ஊர்களில், பெண்கள் தாங்கள் தைத்த போர்வைகளை வீட்டிலேயே வைத்து விற்கிறார்கள். ஒரு வீட்டில் என் கால் மிஷினைப் போலவே மிதித்துத் தைக்கும் மிஷின் இருந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். மின் இணைப்பு வேண்டாம் என்று வாழ்கிறவர்கள். துண்டுகளை மிஷினில் இணைத்து, அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கும் மேல் ஓட்டத் தையலைக் கையால் போடுகிறார்கள். அந்த வீட்டு அம்மா, இன்னும் பஞ்சும் அடித்துணியும் சேர்க்காத ஒரு மேல்துணியைப் புரட்டி, இரும்பு ஸ்கேலை அதன் பின்பக்கத்தில் வைத்தார். எங்கே வைத்தாலும் தையலுக்கு விட்ட துணி ஒரே அளவு. பேச எங்களுக்குப் பொது மொழி அதிகம் இல்லை. அந்த ஸ்கேலே போதுமாக இருந்தது.

ஊருக்கு வந்து முதலில் தைத்ததில் நான் விட்ட பிழை ஒரு மாகாணிதான். என் தாத்தா காலத்து வாய்ப்பாட்டில் கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி வரும். இன்ச்சில் பதினாறில் ஒரு பங்கு அது. கால் இன்ச்சுக்கு ஒரு மாகாணி கூடுதலாகப் பிடித்துத் தைத்தேன். ஒரு தையலில் இரண்டு துணியிலும் சேர்த்து அரைக்கால் இன்ச் காணாமல் போகிறது. ஒன்பது துண்டுக் கட்டத்தில் குறுக்கே இரண்டு தையல், ஆக மொத்தம் கால் இன்ச். எல்லாக் கட்டமும் இப்படியே இருந்தால் போர்வை சற்றுச் சிறுக்கும், அவ்வளவுதான். ஆனால் ஒரு ஒன்பது துண்டுக் கட்டம், அடுத்து ஒரு வெற்றுச் சதுரம் என்று மாற்றி மாற்றி வைத்தால் சிக்கல் தொடங்குகிறது. மூன்றரை இன்ச்சாக வெட்டிய வெற்றுச் சதுரத்துக்குப் பக்கத்தில் என் கட்டம் மூன்றே கால் இன்ச்சில் நின்றது. இழுத்துப் பிடித்துத் தைத்தேன். போர்வை முழுக்கச் சுருக்கம்.

தேரில் தொங்கவிடும் அலங்காரத் துணியான நம் தொம்பை வேலையில் துணியை ஒரு அடித்துணியின் மேல் வைத்துத் தைக்கிறோம். அங்கே ஒரு நூல் விலகினால் மேலே வைக்கும் பூவிலோ பட்டியிலோ மறைத்துவிடலாம். துண்டு இணைப்பில் மறைக்க மேலே எதுவும் வராது, நான்கு மூலைகளும் ஒரே புள்ளியில் சந்தித்தே ஆக வேண்டும்.

சரி, கால் இன்ச்சை மிஷினில் எப்படிப் பிடிப்பது? பள்ளிப் பிள்ளைகளின் கிராஃப் தாள் ஒன்றை எடுத்து, ஓரத்தை ஒரு கோட்டில் சுத்தமாக வெட்டுங்கள். ஓரத்திலிருந்து 6 மில்லிமீட்டர் உள்ளே இருக்கும் கோட்டின்மேல், சக்கரத்தைக் கையால் திருப்பி ஊசியை இறக்குங்கள். தாளின் வலது ஓரம் எங்கே நிற்கிறதோ, அதை ஒட்டி இன்சுலேஷன் டேப்பை ஐந்தாறு அடுக்கு ஒட்டிவிடுங்கள். துணி அந்தச் சின்னச் சுவரில் உரசிக்கொண்டே போகட்டும். கால் இன்ச் என்பது 6.35 மில்லிமீட்டர் ஆயிற்றே என்று கேட்பார்கள். அந்த ஒரு நூலிழைக் குறைவு வேண்டுமென்றே வைப்பது. தைத்த துணியை ஒரு பக்கமாக மடிக்கும்போது மடிப்பிலேயே கொஞ்சம் செலவாகிவிடுகிறது.

அப்புறம் ஒரு சோதனை. ஒன்றரை இன்ச் அகலத்தில் மூன்று பட்டிகளை நீளவாக்கில் இணைத்து, மடிப்பைப் படியவைத்து அளந்து பாருங்கள். நடுப்பட்டி சரியாக ஒரு இன்ச் இருக்க வேண்டும். குறைந்தால் டேப்பை ஊசிப்பக்கம் நகர்த்துங்கள், கூடினால் தள்ளி ஒட்டுங்கள். இது சரியாகும்வரை என் வகுப்பில் யாரையும் போர்வைத் துணியில் கத்தரி வைக்க விடுவதில்லை. கழுத்தில் போடும் இன்ச் டேப்பால் அளக்காதீர்கள், அது நாளாக நாளாக நீளும். இரும்பு ஸ்கேல் ஒன்றை வைத்துக்கொண்டு வெட்டுவது, அளப்பது எல்லாவற்றுக்கும் அதையே எடுங்கள். சாக்பீஸ் கோடு தடிமன், கூராகச் சீவிய பென்சில் போதும். சக்கரம்போல உருட்டி வெட்டும் ரோட்டரி கட்டர் இல்லாதவர்கள் பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் ஒன்றரை இன்ச் அச்சு வெட்டி வைத்துக்கொள்ளலாம். ஓரம் சீக்கிரம் தேயாது.

துணிக்கு எங்கள் ஊர் சந்தையில் எடைக்கு விற்கும் பாப்லின் கட் பீஸே நல்லது. பனியன் துணி வேண்டவே வேண்டாம், இழுத்த இழுப்புக்கு வரும். சாயம் போகிறதா, சுருங்குகிறதா என்று தனித்தனியாக நனைத்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் கெட்டியாகவே கஞ்சி போடுங்கள். கஞ்சி போட்ட துணி தாள் மாதிரி நிற்கும், ஓரம் நெளியாது. சிறு துண்டுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. துணியின் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை ஒட்டி நேராக வெட்டுங்கள்.

இஸ்திரி விஷயத்தில் நம் சொல்லே நம்மைத் தவறாக நடத்துகிறது. 'தேய்ப்பது' என்கிறோம், கையும் தேய்க்கிறது, துண்டு கோணிப்போகிறது. பெட்டியை வைத்து, எடுத்து, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். நெற்றிக்குப் பொட்டு ஒற்றுவதுபோல ஒற்றி எடுங்கள். முதலில் தையலின்மேல் அப்படியே ஒரு முறை, பிறகு விரித்து ஒரு முறை. முதல் வரிசையிலும் மூன்றாம் வரிசையிலும் மடிப்புகள் வெளிப்பக்கம் படுக்கட்டும், நடு வரிசையில் உள்பக்கம். அந்த வரிசைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து விரலால் தடவினால், எதிரெதிர் மடிப்புகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்வது விரலுக்கே தெரியும். அந்த இடத்தில் குண்டூசி குத்தித் தைத்தால் மூலை விலகாது.

தைக்கத் தொடங்கும்போது முதலில் ஒரு வேண்டாத துண்டை ஓட்டிவிட்டு, நூலை அறுக்காமல் அதன் பின்னால் நல்ல துண்டைக் கொடுங்கள். இல்லாவிட்டால் சின்ன மூலைகளை மிஷின் பல் உள்ளே இழுத்துவிடும்.

முக்கோணம் வைக்க நினைப்பவர்கள் முக்கோணமாக வெட்டித் தைக்கவே கூடாது. கிராஸாக வெட்டிய ஓரம் கை பட்டாலே நீளும். இரண்டு நிறச் சதுரங்களை முகத்தோடு முகம் வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டின் இருபுறமும் கால் இன்ச் தள்ளித் தைத்துவிட்டுப் பிறகு கோட்டில் வெட்டினால் இரண்டு கட்டம் கிடைக்கும். எல்லாம் தைத்து முடித்தபின் தெரிய வேண்டிய அளவு இரண்டு இன்ச் என்றால், கணக்குப்படி இரண்டு இன்ச்சோடு முக்காலே அரைக்கால் சேர்த்து வெட்டுவது. நான் மூன்று இன்ச்சாகவே வெட்டி, தைத்தபின் இரண்டரைக்குச் செதுக்குகிறேன்.

மிகச் சிறிய துண்டுகளுக்குத் தாள் வைத்துத் தைக்கும் முறை இருக்கிறது. அளவாக வெட்டிய தாளின்மேல் துணியை மடித்துக் கையால் இணைப்பது. இங்கிலாந்தில் 1718 என்று ஆண்டு குறித்த பட்டு விரிப்பு ஒன்றை இப்படிச் செய்திருக்கிறார்கள், இப்படிப் போர்வை தைப்பவர்களின் அந்த நாட்டுக் குயில்ட் சங்கத்திடம் இன்றும் இருக்கிறது. பழைய நோட்டுத் தாள் இதற்கு ஏற்றது. செய்தித்தாள் மட்டும் வேண்டாம், மை துணியில் ஏறிவிடும்.

அந்த இரண்டு பெண்களும் தங்கள் கட்டங்களைப் பிரிக்க மனமில்லாமல், இரண்டு இன்ச் கட்டங்களாகவே வைத்துத் தலையணை உறைக்கு இணைத்துக்கொண்டிருக்கிறார்கள். மற்ற வாசகர்களுக்காக அளவுத் திருத்தத்தை, அதே இணைப்பில், அதே அளவு எழுத்தில் வெளியிடுங்கள். நான் தைத்த ஒன்பது துண்டுக் கட்டம் ஒன்றை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பக்கத்துக்கு மூன்றரை இன்ச். ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தையல் பயிற்சி நடத்தும் வாசகி,
கருங்கல்பாளையம், ஈரோடு