பாவனை விளையாட்டுச் செயலிகளைத் தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலி வடிவமைப்பாளர்களுக்கு,

வணக்கம். சமைப்பது, குழந்தையைக் குளிப்பாட்டுவது, மருத்துவராகி ஊசி போடுவது எனப் பிள்ளைகளின் பாவனை விளையாட்டுகளைத் திரைக்குள் கொண்டுவந்திருக்கும் உங்களிடம், மழலையர் வகுப்பு ஆசிரியை என்ற முறையில் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். பிள்ளை விளையாடும் உலகத்துக்குள் கடை வைக்காதீர்கள்.

திரை என்றாலே தீங்கு என்று வாதிட நான் வரவில்லை. இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் திரை நேரம் நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் கூறியது. அந்த ஒரு மணி நேரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதே என் கவலை.

உங்கள் துறையின் தொடக்கம் நன்றாகவே இருந்தது. ஸ்டாக்ஹோமின் டோக்கா போக்கா நிறுவனம் 2011இல் ஒரு தேநீர் விருந்துச் செயலியை வெளியிட்டது. ஐபேடைத் தரையில் படுக்க வைத்தால் அதுவே விருந்து மேசையாகிவிடும். பிள்ளை தன் பொம்மைகளைச் சுற்றிலும் உட்கார வைத்து, கோப்பையில் ஊற்றி, சிந்தியதை விரலால் துடைத்து விளையாடலாம். வெற்றி தோல்வியும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. குச்சியைக் குதிரையாக்கும் பிள்ளை, கண்ணுக்குத் தெரியும் பொருளிலிருந்து அதன் அர்த்தத்தைப் பிரித்தெடுக்கக் கற்கிறது என்று உளவியலாளர் வைகாட்ஸ்கி 1933இல் ஓர் உரையில் விளக்கினார். அந்தச் செயலியில் திரை குச்சியாகவே இருந்தது; குதிரையை உண்டாக்கும் வேலை பிள்ளையிடம் விடப்பட்டது.

அதே நிறுவனம் 2018இல் டோக்கா லைஃப் வேர்ல்ட் என்ற பெயரில் கொண்டுவந்த செயலியை இலவசமாகப் பதிவிறக்கலாம். பிள்ளை விளையாடும் கூடுதல் இடங்களைச் செயலிக்குள்ளேயே விலைக்கு வாங்க வேண்டும். இன்று உங்களில் பலர் பின்பற்றும் வழியும் இதுதான்.

இதனால் விளையாட்டுக்கு என்ன ஆகிறது என்பதை, இதே வகையைச் சேர்ந்த வேறொரு செயலியில் பார்த்தேன். என் வகுப்புச் சிறுமி ஒருத்தி அதில் ஒரு பாட்டியைக் கட்டிலில் படுக்க வைத்து, காய்ச்சல் என்று அறிவித்து, குளிர்பதனப் பெட்டியிலிருந்து தர்பூசணித் துண்டை எடுத்து நெற்றியில் பற்றுப் போட்டாள். (எந்தக் கதாசிரியருக்கும் தோன்றாத வைத்தியம் இது.) காய்ச்சல் இறங்கவில்லை என்று முடிவுசெய்து, பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வரைபடத்தைத் திறந்தாள். ஆஸ்பத்திரிமேல் பூட்டுப் படம். தொட்டால் ரூபாயில் விலை. அதற்குப் பின் ஒரு பெருக்கல் கணக்கு. “மிஸ், ஆஸ்பத்திரி ஏன் பூட்டியிருக்கு?” என்றாள். அதன்பின் பாட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. அம்மாவிடம் சொல்லி எப்படி வாங்க வைப்பது என்பதுதான் பேச்சு.

வாங்குவது பெரியவர்தான் என்று உறுதிசெய்ய வைத்த அந்தப் பெருக்கல் கணக்கைப் பாதுகாப்பு ஏற்பாடு என்கிறீர்கள். ஆப்பிள் செயலிக் கடையின் குழந்தைகள் பிரிவிலும் இத்தகைய தடுப்பு கட்டாயம். பெற்றோரின் பணம் அதனால் தப்புகிறது என்பது உண்மையே. ஆனால் பூட்டைக் காட்டி ஆசையைக் கிளப்பும் வேலை கணக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிறு பிள்ளைகளுக்கான 135 செயலிகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவுகளின்படி, அவற்றில் 95 விழுக்காட்டில் ஏதேனும் ஒருவகை விளம்பரம் இருந்தது. ஒன்றில், பொருளை வாங்காமல் பிள்ளை விலகினால் கதாபாத்திரம் அழுதது. அழும் பொம்மையைத் தேற்றத் துடிக்கும் வயதின்மேல் இதைச் சுமத்துவதை வணிகத் தந்திரம் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்க வகை செய்கிறது. எனினும் அது தரவைப் பற்றிய சட்டம். வரைபடத்தில் தொங்கும் பூட்டை அது தொடாது. அதை நீங்கள்தான் அகற்ற வேண்டும்.

விற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓவியரும் நிரலாளரும் சம்பளம் வாங்க வேண்டும். ஒரே முறை விலை வைத்து முழுதாக விற்கலாம். பகுதி பகுதியாகத்தான் விற்க முடியும் என்றால், வாங்கிய இடங்கள் மட்டும் பிள்ளையின் வரைபடத்தில் தெரியட்டும். மற்றவற்றின் படமும் விலையும் பெற்றோருக்கான அமைப்புப் பகுதியில் இருக்கட்டும். வாரந்தோறும் ஒரே கிழமையில் பரிசு வைத்துத் திரும்ப வரவழைக்கும் ஏற்பாட்டையும் அதே பகுதியில் அணைத்து வைக்க வழி செய்யுங்கள். அடுத்த பதிப்பிலேயே செய்துவிடக்கூடிய மாற்றங்கள் இவை. எந்தப் பதிப்பில் செய்வீர்கள் என்பதைச் செயலியின் அறிமுகப் பக்கத்தில் அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மழலையர் வகுப்பு ஆசிரியை ஒருவர்