மாப்பிள்ளை சுகம் தெரியும், உன் சுகம் சொல்லு

அன்பு மகளுக்கு,

ஆத்தா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். பிள்ளையார் நோன்பு நல்லபடியாக முடிந்தது. பங்காளிகள் வந்து இழை எடுத்துக்கொண்டார்கள். உன்னைக் கேட்காத ஆள் இல்லை, மாப்பிள்ளைக்குக் கிட்னிக்காக ரத்தம் சுத்தம் பண்ணுகிற டயாலிசிஸ் நாள் என்று சொல்லிவிட்டேன். இரண்டாங்கட்டு ஓடு மாற்ற ஆள் சொல்லியிருக்கிறது. அதெல்லாம் கிடக்கட்டும்.

போனில் மாப்பிள்ளையின் ரத்தத்தில் கிரியாட்டினின் எவ்வளவு என்று சொல்கிறாய், எத்தனை கிலோ நீர் இறக்கினார்கள் என்று சொல்கிறாய். "நீ சாப்பிட்டியா" என்றால் "ம்" என்கிறாய். அந்த "ம்" எனக்குச் சரியாகப் படவில்லை.

ஐப்பசியில் அங்கே வந்தபோது பார்த்தேனே. உருளைக்கிழங்கை நறுக்கி ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்து வடிக்கிறாய், பொட்டாசியம் குறையட்டும் என்று. அவர் குடிக்கிற தண்ணீரைக் காலையிலேயே பாட்டிலில் அளந்து வைக்கிறாய். டயாலிசிஸ் ஊசி போட அவர் கையில் ரத்தக்குழாயை இணைத்து வைத்த ஃபிஸ்டுலாவில் அதிர்வு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறாய். வாரத்தில் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் அந்த வராந்தா நாற்காலி. என் மகளா இது என்று நெஞ்சு நிறைந்துபோச்சு. ஆனால் அவருக்கு ஆக்கின உப்புச்சப்பில்லாத குழம்பையே நீயும் தின்கிறாய். உனக்கென்று ஒரு ஊறுகாய்த் துண்டு வைத்துக்கொள்ள மனசில்லை. விடியக்காலம் மூணு மணிக்கு அடுப்படியில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாய். தண்ணீர் குடிக்க வந்தேன் என்றாய். கையில் தம்ளர் இல்லை. பெற்றவளிடம் ஒளிக்க எங்கே கற்றாய்?

பிரஷர் பார்க்கக் காரைக்குடி போனபோது, உன் பேரைச் சொல்லாமல் டாக்டரம்மாவிடம் கேட்டேன். ரெண்டு வாரத்துக்கு மேலே தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை, தொட்டதற்கெல்லாம் எரிச்சல் என்றால், வெறும் அசதி என்று விடக்கூடாதாம். மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் உண்டு, நெடுநாள் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு நிறைய வரும் என்றார். நீயும் ஒரு டாக்டரைப் பார். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416-க்குப் பேசு. அரசாங்கத்து டெலி மானஸ், காசு இல்லை, ராத்திரியும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பார்க்காதே. டாக்டரைப் பார்.

உங்க அப்பத்தா பக்கவாதத்தில் படுத்திருந்த காலம் நீ சின்னப் பிள்ளை. ரெண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். மருமகள் என்றால் இப்படி இருக்கணும் என்று ஊரே சொன்னது. அந்த நாளில் ஒரு ராத்திரி, இந்த உயிர் சீக்கிரம் போகாதா என்று நினைத்தேன். அவர்கள் மேல் எனக்கு உயிர், அப்படியிருந்தும் நினைத்தேன். அப்பச்சியிடம்கூடச் சொன்னதில்லை. உனக்கும் அப்படி ஒரு நினைப்பு வந்திருந்தால் உன்னையே வெறுத்துக்கொள்ளாதே. எனக்கு வந்தது. உனக்கு வந்தாலும் நீ என் மகள்தான்.

பொங்கல் கழித்துப் பல்லவன் ரயிலில் வருகிறேன், டிக்கெட் போடச் சொல்லியாச்சு. டயாலிசிஸ் நாளில் நான் போய் உட்காருகிறேன். மாமியார் வந்து உட்காருவது மாப்பிள்ளைக்குச் சங்கடமாக இருக்கும், இருக்கட்டும். அந்த நேரத்தில் நீ டாக்டரிடம் போ, இல்லை தூங்கு.

பார்சலில் சீப்புச்சீடை இருக்கிறது. உப்புப் போட்டது, அவருக்கு ஆகாது. முழுக்க உனக்கு, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடாதே.

ஆத்தா